அரிசி நெறஞ்சிருக்குங்க

வேலை தேடி வருகிறவர்களுக்கு நம்பிக்கை ஊட்டுவது என் உத்தியோகம். எழுபதுகளின் தொடக்கத்தில், உளவியலில் முதுகலை படித்தவனை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று அரசாங்கத்தில் யாருக்கும் தெளிவில்லை. சேலம் பக்கம் ஒரு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தொழில்நெறி வழிகாட்டும் பிரிவு என்ற பெயரில் ஒரு மேசையும் கால் ஆடும் பெஞ்சும் காலியாக இருந்தன. அங்கே உட்கார வைத்தார்கள். வேலை இல்லை என்று சொல்வது பக்கத்து மேசையின் பொறுப்பு. அப்படிச் சொல்லப்பட்டவனிடம் மனம் தளராதே என்று சொல்வது என் மேசையின் பொறுப்பு.

மாதம் ஒரு முறை அவர்களைக் கூட்டமாக உட்கார வைத்துப் பேச வேண்டும். "இல்லை, முடியாது, கிடைக்காது என்ற சொற்களை மனதிலிருந்து நீக்குங்கள்" என்று தொடங்குவேன். பேசி முடித்ததும் எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று ஒரு படிவத்தில் எழுத வேண்டும். வந்தவர்கள் அனைவரும் பயனடைந்தார்கள் என்று எழுதுவது வழக்கம். அந்த வழக்கத்தை நான் ஏற்படுத்தவில்லை, மீறவும் இல்லை.

ஆனால் படித்த பாடத்தின் மீது எனக்கு உண்மையான மரியாதை இருந்தது. ஒரு செயலுக்குப் பின்னால் நல்லது ஏதாவது கிடைத்தால் அந்தச் செயல் திரும்ப நடக்கும். வலுவூட்டல் என்று அதற்குப் பெயர். எதுவுமே கிடைக்காவிட்டால் மெல்லக் குறைந்து நின்றுவிடும். கூண்டிலிருக்கும் புறா பொத்தானைக் கொத்துகிறது, தானியம் விழுகிறது. ஒவ்வொரு கொத்துக்கும் விழுந்துகொண்டிருந்த தானியம் திடீரென்று நின்றால் புறா சீக்கிரம் விலகிப் போய்விடும். எப்போதாவது ஒருமுறை மட்டும் விழுந்திருந்தால், நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். எங்கள் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் தினமும் நின்ற கூட்டத்தைப் பார்த்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. யாரோ ஒருவனுக்கு எப்போதோ நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்திருக்கும். மற்றவர்கள் கொத்திக்கொண்டிருந்தார்கள்.

இந்த அறிவோடுதான் கல்யாணம் செய்துகொண்டேன்.

நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். அவள் பள்ளிபாளையத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். எங்கள் பக்கம் பேச்சு வெட்டென்று முடியும். அவர்கள் பேச்சில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு 'ங்க' வந்து கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போகும். ஊருக்கு வெளியே, புதிதாக மனை பிரித்த இடத்தில் வாடகைக்கு வீடு எடுத்திருந்தேன். மொத்தம் மூன்று வீடுகள், இடையிடையே சோளக்காடு. அமைதியான சூழல் மனதுக்கு நல்லது என்று படித்திருந்தேன்.

முதல் மாதத்திலேயே ஒரு நாள் காலை, நான் சைக்கிளை வெளியே எடுக்கும்போது சொன்னாள்:

"ஏனுங்க, அரிசி நெறஞ்சிருக்குங்க."

"ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு அலுவலகம் போனேன்.

சாயங்காலம் வந்தபோது அடுப்பு பற்ற வைக்கப்படவில்லை. அவள் முகம் வாடியிருந்தது.

"என்ன, சமைக்கலையா?"

"காலையிலயே சொன்னேனுங்களே."

"என்ன சொன்னே?"

"அரிசி நெறஞ்சிருக்குன்னு."

"நெறஞ்சிருந்தா எடுத்து ஆக்க வேண்டியதுதானே?"

ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மதியம் முழுக்கப் பட்டினி கிடந்தவள் அப்படிச் சிரித்ததை நான் மறக்கவில்லை. "அய்யோ, நெறஞ்சிருக்குன்னா தீந்து போச்சுன்னு அர்த்தமுங்க. அரிசி, உப்பு, மஞ்சளெல்லாம் இல்லீன்னு வாயால சொல்லக் கூடாதுங்க. சொன்னா ஊட்டுல இல்லாமயே போயிருமுங்களே. எங்க அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க. உங்கூர்ல சொல்ல மாட்டாங்களா?"

எங்கள் ஊரில் இல்லாததை இல்லை என்றுதான் சொல்வோம். அரை மணி நேரம் விளக்கினேன். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு, அரைகுறையான தகவலால் ஒரு நிர்வாகம் எப்படிக் கெடும் என்பதெல்லாம். கடைசியில் உத்தரவாகவே போட்டேன்: "இனிமே இந்த வீட்டுல தீந்து போச்சுன்னா தீந்து போச்சுன்னு சொல்லணும். நெறஞ்சிருக்குன்னு சொன்னா நெறஞ்சுதான் இருக்கணும்."

"இந்த ஊட்டுல மட்டுந்தானுங்களே?"

"ஆமா, இந்த வீட்டுல மட்டும்தான்."

அவள் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். அலுவலகத்தில் பகலெல்லாம் 'இல்லை என்று சொல்லாதீர்கள்' என்று பேசிச் சம்பளம் வாங்கியவன் வீட்டில் 'இல்லை என்று சொல்' என்று உத்தரவு போட்டிருக்கிறேன் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது வருடம் அவள் வீட்டின் அமைதியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பள்ளிபாளையத்தில் அவர்கள் வீட்டை ஒட்டியே தறிக்கொட்டாய். எட்டுத் தறிகள், இரண்டு ஷிப்டு. அந்தச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவள்.

"அங்கெல்லாம் தறி நின்னாத்தான் எங்களுக்கு முழிப்பு வருமுங்க. இங்க காதெல்லாம் அடைச்சுக்குதுங்க. நா பேசினா எனக்கே கேக்க மாட்டேங்குது."

முதலில் ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்லச் சொல்ல அவள் அதிகமாகச் சொன்னாள். உடனே எனக்குப் பாடம் நினைவுக்கு வந்தது. புலம்பலுக்கு நான் தரும் கவனமே புலம்பலை வளர்க்கிறது. பதில் சொல்லாமல் இருந்தால் தானாக நின்றுவிடும். உற்சாகமாகப் பேசும் நாட்களில் கவனம் கொடுக்க வேண்டும், பூ வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒரு சிறிய நோட்டில் தேதி போட்டுக் குறித்துவந்தேன். குறை சொன்ன நாளுக்குச் சிவப்புக் கோடு, சொல்லாத நாளுக்கு நீலக் கோடு.

மூன்று வாரம் கழித்து, மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இது என்னங்க, செவப்புக் கோடு?"

பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. முழுவதையும் விளக்கினேன். புறாவைப் பற்றியும் சொன்னேன்.

"அப்ப நானு உங்களுக்குப் புறாவுங்களா?"

"அப்படி இல்ல. மனுஷங்க எல்லாருக்கும் பொதுவான விதி."

"நேத்து கனகாம்பரம் வாங்கியாந்தீங்களே. நா என்னத்தெ நல்லதாப் பேசிப்போட்டேன்?"

நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னேன். முந்தின நாள் சோளக்காட்டில் மயில் வந்ததைப் பற்றிப் பேசியிருந்தாள். "மயிலுக்கு ஒரு மொழமுங்களா" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு சிவப்புக் கோடுகள் குறைந்தன. இரண்டு மாதத்தில் ஒன்றுகூட இல்லை. பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் வளைகோட்டைப் போலவே அவ்வளவு அழகாக இறங்கியது. எனக்குப் பெருமை. எதைச் செய்தாலும் பலனில்லை என்று கற்றுக்கொண்ட உயிர் முயற்சியை விட்டுவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்ளும், வெளியே இருந்து பார்த்தால் அது திருப்தியைப் போலத்தான் தெரியும் என்று இன்னோர் அத்தியாயம் உண்டு. அது அடுத்த பதிப்பில் சேர்ந்தது. நான் வைத்திருந்தது பழைய பதிப்பு.

ஆறாவது வருடம் அவள் அப்பா தறிக்கொட்டாயில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். ஈரோடு பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒரே ஒரு பையைத்தான் எடுத்துக்கொண்டாள்.

"பத்து நாள்ல வாரேனுங்க" என்றாள்.

பத்து நாள் ஒரு மாதமாயிற்று. பிறந்த வீட்டுக்குப் போன பெண் தானாகத் திரும்பி வருவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. கட்டியவன் போய் அழைத்து வர வேண்டும். போனால் ஒரு வேளை சாப்பாடு, அடுத்த பஸ்ஸில் இருவருமாகத் திரும்பிவிடலாம், அவ்வளவுதான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் போகவில்லை. போய் அழைத்து வந்தால், விட்டுப் போனதற்குப் பரிசு கொடுத்தது போலாகும். அவளாக வந்தால் அது அவள் விருப்பத்தால் நடந்ததாகும், நிலைக்கும். இப்படித்தான் யோசித்தேன். அவள் வருவாளா என்பதைத் தவிர அந்த நாட்களில் என் மனதில் வேறு கேள்வி இல்லை. ஆனாலும் பஸ் ஏறாமல் கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன்.

முதல் கடிதம் வந்தது. இன்லண்ட் தாளில் பாதிக்குமேல் காலி.

'இங்கு யாவரும் நலம். அப்பா சுவரைப் பிடித்து நடக்கிறார். எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. நீங்கள் வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், சனிக்கிழமை வரவும். வராவிட்டாலும் பரவாயில்லை.'

மனசு நிறைந்திருக்கிறது. நல்லது. எங்கள் வீட்டு விதிப்படி நிறைந்திருக்கிறது என்றால் நிறைந்துதான் இருக்கிறது. வராவிட்டாலும் பரவாயில்லை என்று வேறு எழுதியிருக்கிறாள். ஆகவே நான் எழுதினேன்: 'மகிழ்ச்சி. உன் விருப்பம்போல் இருந்து வரவும்.'

இரண்டாவது கடிதம் இரண்டு மாதம் கழித்து. அதிலும் மனசு நிறைந்திருக்கிறது. சனிக்கிழமையைப் பற்றி ஒன்றும் இல்லை. மூன்றாவது, தீபாவளிக்கு முன்னால். தீபாவளிக்கு மாப்பிள்ளை வருவாரா என்று அப்பா கேட்பதாக ஒரு வரி, மனசு நிறைந்திருப்பதாக ஒரு வரி. காய்ச்சல் என்று எழுதிப் போட்டேன். காய்ச்சல் இல்லை. பொய் சொல்லும் பழக்கம் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம்.

அந்த ஏழு மாதத்தில் வீட்டின் அமைதி எனக்கும் கேட்க ஆரம்பித்தது. சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால் காது அடைக்கும். தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கொஞ்சம் ஓங்கி வைப்பேன். சோளக்காட்டில் மயில் வந்தது. யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக மாற்றலாகி ஒரு பியூன் வந்திருந்தார், பள்ளிபாளையத்தை அடுத்த குமாரபாளையத்துக்காரர். பதிவு அட்டை எடுத்து வரச் சொன்னேன். அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"சார், அட்டை நெறஞ்சிருக்குங்க."

"இருந்தா ஒரு கட்டு எடுத்துட்டு வாங்க."

"இல்லீங்க சார். நெறஞ்சிருக்குங்க."

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். "என்னய்யா இது, இருக்கா இல்லையா?"

"காலி சார். எங்கூட்ல அப்படியே சொல்லிச் சொல்லிப் பழகிப் போச்சுங்க. அம்மா இருந்தா இல்லீங்கற வார்த்தைக்கு வாயிலேயே போடுவாங்க."

நான் எழுந்து போய் அலமாரியைப் பார்த்தேன். தட்டு காலியாக இருந்தது. அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாள் மட்டும் தெரிந்தது. இந்த வீட்டில் மட்டும்தான் என்று நானே சொல்லியிருக்கிறேன். அவள் கடிதம் எழுதியது அவள் அம்மா வீட்டிலிருந்து. அங்கே என் உத்தரவு செல்லாது. எல்லை தாண்டிய உத்தரவு செல்லாது என்பது புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவுக்குக்கூடத் தெரியும்.

அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன்.

பஸ் சங்ககிரி தாண்டி, காவிரிப் பாலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. வாசலில் மாமனார் கட்டிலில் சாய்ந்திருந்தார். "வாங்க மாப்ளெ, காச்ச தேவலையாயிருச்சுங்களா?" என்றார். தீபாவளிக் காய்ச்சலைத் தையில் விசாரித்தார். கேலியா அக்கறையா என்று பிரித்தறிய முடியவில்லை. "கொட்டாய்லதான் இருக்குது, போங்க."

உள்ளே எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் ஓரமாக உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நாடாவுக்குள் போகும் ஊடைநூலைச் சிறு குச்சிகளில் சுற்றும் வேலை. சுற்றிக்கொண்டே, அடுத்த தறியில் நின்ற பெண்ணிடம் எதையோ உரக்கச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது ஆறு வருடத்தில் எனக்குத் தெரியாது.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையின் முக்கியமான பேச்சை நாங்கள் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்! கூட்டிட்டுப் போக வந்தேன்!"

"என்னங்க?"

"கூட்டிட்டுப் போக!"

"சாப்ட்டீங்களா?"

"நீ கடுதாசில எழுதினது, மனசு நெறஞ்சிருக்குன்னா, தீந்து போச்சுன்னுதான் அர்த்தமா?"

அந்த வாக்கியத்தின் நடுவில் கரண்டு போயிற்று. எழுபதுகளில் சொல்லாமல் போவதும் சொல்லாமல் வருவதும் அதன் வழக்கம். எட்டுத் தறியும் ஒரே நொடியில் நின்றன. என் வாக்கியத்தின் பின்பாதி கொட்டாய் முழுக்கக் கணீரென்று கேட்டது. தறிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, கண்ணியமாக, ஒருவர் பின் ஒருவராக டீ குடிக்க வெளியே போனார்கள்.

"ஆமாங்க" என்றாள். இப்போது பழைய, சின்னக் குரல். "மொதக் கடுதாசி அதுக்குத்தானுங்க எழுதினேன். சனிக்கெழமை பூரா வாசல்லயே ஒக்காந்திருந்தேன். ரெண்டாவதும் அதுக்குத்தானுங்க."

"மூணாவது?"

கையிலிருந்த தார்க்குச்சியை இப்படியும் அப்படியும் உருட்டினாள்.

"மூணாவது எழுதறப்ப நெசமாலுமே நெறஞ்சிருந்துச்சுங்க."

எனக்கு எல்லா நடைமுறையும் தெரியும். விடுபட்ட பதிவை எப்படிப் புதுப்பிப்பது, காலதாமதத்துக்கு விளக்கம் எழுதி மூப்பை எப்படித் திரும்பப் பெறுவது என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "வீட்டுல ரேடியோ வாங்கி வைக்கறேன்" என்றேன். "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பாடும்."

கோபமே இல்லாமல் என்னைப் பார்த்தாள். "ரேடியோவுக்கு நா பேசறது கேக்காதுங்களே."

அப்போது கரண்டு வந்துவிட்டது. தறிகள் ஓட ஆரம்பித்தன. அவள் வாய் அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. சாப்பிட்டுப் போகச் சொன்னாள் என்று பிறகு இலை போட்டபோது தெரிந்தது.

கிளம்பும்போது "வாரேன்" என்றேன். அவர்களிடம் பழகியதில் எனக்கும் அந்தச் சொல் ஒட்டியிருந்தது. "போயிட்டு வாங்க" என்றாள். போகிறவன் 'போகிறேன்' என்று சொல்லக் கூடாது, அனுப்புகிறவரும் வெறும் 'போ' என்று சொல்லக் கூடாது. ஆகவே அவள் என்னை அழைத்தாளா, அனுப்பினாளா என்பதற்கு அந்தச் சொல்லில் தடயம் ஏதும் இல்லை.

நான் மாதம் ஒரு சனிக்கிழமை போய் வந்தேன். ஈரோட்டுப் பக்கம் மாற்றல் கேட்கலாம் என்று விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கணவன் மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்தால் ஒரு பத்தி உண்டு. உடல்நலக் குறைவுக்கு ஒரு பத்தி உண்டு. மனைவி தறிச் சத்தத்தை விட்டு வர மாட்டாள் என்பதற்குப் பத்தி இல்லை. பத்தி இல்லாத விண்ணப்பத்தை எழுத என் கை பழகவில்லை. எழுதாமலே விட்டேன். வேலையை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு அப்படித் தோன்றுவது சுலபம்.

போகும்போதெல்லாம் சாப்பாடு போட்டாள், ஊர்க் கதை சொன்னாள். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு முறை பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தாள். வழியில், "சோளக்காட்டுல மயிலு இன்னும் வருதுங்களா?" என்று கேட்டாள். வருகிறது என்றேன். அந்த ஒரு தானியத்துக்காக இன்னும் ஒரு வருடம் விடாமல் போனேன். பிறகு மாதம் ஒன்று என்பது பொங்கலும் தீபாவளியும் என்றாயிற்று. பிறகு தீபாவளி மட்டும். எண்பதுகளின் நடுவில் ஒரு தீபாவளிக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டுக் கடிதம் வரவில்லை. அந்த வளைகோடு எப்படி இறங்கும் என்று பழைய பதிப்பிலேயே படம் இருந்தது.

அந்த வருடக் கடைசியில் ஒரு நாள் காலை, டீ போடப் போய் டப்பாவைத் திறந்தேன். சர்க்கரை இல்லை. அதற்குள் எங்கள் மனைப்பிரிவில் முப்பது வீடுகள் வந்திருந்தன, சோளக்காடு போயிருந்தது, முனையில் ஒரு மளிகைக் கடையும் வந்திருந்தது. கடைக்காரர் திருச்செங்கோட்டுப் பக்கத்தவர், வெற்றிலை போட்ட வாய்.

"என்னங்க சாமி, வெள்ளனே வந்துட்டீங்க?"

"சர்க்கரை நெறஞ்சிருக்கு" என்றேன்.

எப்படி அந்தச் சொல் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவர் தராசுத் தட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நெறஞ்சிருந்தா அப்பறம் எதுக்குங்க கடைக்கு வந்தீங்க?"

அவர்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை போலிருக்கிறது. அரைக் கிலோ கொடுங்கள் என்றேன். பொட்டலம் மடிக்கிற வரை, காலையில் பேச இன்னொரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பதில் சொன்னேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.